பல் படங்களுக்கு யார் சொந்தக்காரர்?

ஏனக்காவுக்குப் பல் செட் செய்யும் வேலை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவது அவள் பொறுப்பு. ஏனக்கா என்பது உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். “கடைவாய்ப்பல்லைக் கொஞ்சம் தணித்து வைக்கவும்” என்று டாக்டர் எழுதியிருந்தால், ஏன் தணிக்க வேண்டும் என்று போன் போடுவாள். சில டாக்டர்கள் எரிந்து விழுவார்கள். சிலர் பொறுமையாக விளக்குவார்கள். அவர்களுடைய வேலை சீக்கிரம் முடிந்து போகும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு செட்டையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்வாள். மாவுத் தாடைகளை அடுக்கி வைக்க அவள் வேலை செய்கிற பல் லேபில் இடம் கிடையாது, கொஞ்ச நாளில் குப்பைக்குப் போய்விடும். படத்துக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில், ‘பற்கள்’ என்ற ஒரே ஃபோல்டருக்குள், வருஷவாரியாக இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். “உங்க படமெல்லாம் வேற டிஸ்க்ல இருக்கும்மா. நான் கையே வைக்கலை” என்றார். அவளும் நம்பி, திறந்து பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் டிரம்பெட் வாசிக்கிறவர் வந்தார். அவருடைய பழைய செட் கை தவறி வாஷ்பேசினில் விழுந்து சுக்குநூறாகிவிட்டது. டாக்டர் புதிதாக அச்செடுத்து அனுப்ப, ஏனக்காதான் செய்து கொடுத்தாள். ஆனால் மனிதர் அந்த செட்டைப் போட்டுக்கொண்டு நேரே லேபுக்கே வந்து நின்றார்.

“சாப்பிட நல்லாத்தான்மா இருக்கு. ஊதினா காத்து எங்கயோ போகுது. மேல் ஸ்வரம் வரவே மாட்டேங்குது.”

“பழசுல வந்துச்சா?”

“பிச்சு உதறுச்சு. அதுவும் நீங்க செஞ்சதுதானே!”

பழைய செட்டில் முன்பல் இரண்டும் லேசாகச் சாய்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. உள்பக்கமா, வெளிப்பக்கமா? எவ்வளவு சாய்வு? அதுதான் பிடிபடவில்லை. படம் இருக்கிறதே என்று அவரைத் தைரியமாக அனுப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ‘பற்கள்’ மேல் கிளிக் செய்தாள். இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. ‘தொடரவும்’ என்ற பட்டனை அழுத்தினாள். அனுமதி மறுக்கப்பட்டது, செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றது.

“ஏங்க, நான் எடுத்த படத்தைப் பார்க்க எனக்கு யாருங்க அனுமதி தரணும்?” என்று கத்தினாள்.

பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர் அவர். “எந்தப் படம்?” என்றார். “பல் படம்” என்றதும், “தம்பியைக் கேளு, அவன்தானே கம்ப்யூட்டர் எல்லாம் பார்ப்பான்” என்று சொல்லிவிட்டு வாளியோடு மறைந்துவிட்டார்.

கொழுந்தன் வேறு ஊரில் இருந்தான். போனிலேயே விளக்கினான். “அண்ணி, சிஸ்டம் பேரைப் பார்க்காது. ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளே ஒரு நீள நம்பர் வச்சிருக்கும். புதுசா போட்டதுல உங்களுக்கும் புது நம்பர் வந்துடுச்சு. ஃபோல்டர் இன்னும் பழைய நம்பரைத்தான் தேடுது.”

“அப்ப பழைய நான் எங்கே?”

“அழிஞ்சு போயாச்சு அண்ணி.”

“அழிஞ்சு போனவ எப்படி இன்னும் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா?”

கொழுந்தனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழியைச் சொன்னான்: ஃபோல்டர் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். மேலே ‘ஓனர்’ என்று ஒரு வரி இருந்தது. யார் என்று காட்ட முடியவில்லை என்று அதுவே கைவிரித்திருந்தது. பக்கத்தில் ‘சேஞ்ச்’. அதை அழுத்தித் தன் பெயரை அடித்தாள். ஓகே கொடுத்து மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

ஃபோல்டர் இப்போது அவளுடையது. யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியலும் தெரிந்தது. அதில் இரண்டே இரண்டு பேர். தெரியாத கணக்கு என்று போட்டு, தலைக்கு ஒரு கேள்விக்குறியோடு, ஆளுக்கொரு நீள எண். ஒன்றுக்கு நேரே முழு அனுமதி. இன்னொன்றுக்கு நேரே, ‘மறுக்கப்பட்டது’.

இனி தன் பெயரைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அனுமதி கொடுக்க மறந்துவிட்டார்கள் என்றால் பட்டியலில் அந்த ஆளே இருக்காது. இது யாரோ வேலை மெனக்கெட்டு, ஒருத்தரை உள்ளே வரவே கூடாது என்று நிறுத்தி வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

மேல் தாடையையும் கீழ் தாடையையும் பொருத்திப் பார்க்கிற கண்ணால் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டாள். கடைசி நாலு இலக்கம் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. கடைசியில் மட்டும் ஒன்றுக்கு 1001, மற்றதற்கு 1002. மறுக்கப்பட்டது 1001.

“தம்பி, இந்தக் கடைசி நம்பர் எதை வச்சு வருது?”

“எந்தக் கணக்கை முதல்ல போட்டமோ அந்த வரிசைதான்.”

வீட்டில் முதலில் போட்டது கணவருடைய கணக்கு. கம்ப்யூட்டர் வாங்கிய உற்சாகத்தில் அவரே உட்கார்ந்து போட்டார். இரண்டாவதுதான் அவளுடையது.

“என் ஃபோல்டர்ல உங்க அண்ணனை எதுக்குத் தள்ளி வச்சிருக்கு? யார் செஞ்ச வேலை இது?”

“செஞ்சது நான்தான். எதுக்குன்னு அண்ணனையே கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் கழன்றுகொண்டான்.

கணவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

“கம்ப்யூட்டரைச் சும்மா விட்டா திரையில தானா படம் ஓடும்ல, அதுல உன் பல்லெல்லாம் வர ஆரம்பிச்சுது. காபியை வாய்க்குக் கொண்டு போவேன், ஈறோட ஒரு செட் பல்லு இளிச்சுக்கிட்டே வரும். எனக்கு வயித்தைப் புரட்டும். தம்பிகிட்ட சொல்லி, என் கணக்குல அது வராம பண்ணிக்கிட்டேன்.”

“பத்தாவது மாடியில கயித்துல தொங்குறீங்க, பல்லைப் பார்த்தா பயமா?”

“பயமில்லை. குமட்டல். அது வேற.”

“கல்யாணம் ஆனதுலேருந்து சாப்பாட்டு நேரத்துல நான் பல்லைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கேன்?”

“ஆமா.”

“ஏன் சொல்லலை?”

“நீ அவ்வளவு ஆசையாப் பேசுவே. கேட்டாப் பரவாயில்லை, பார்த்தாத்தான் ஆகாது.” மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

ஏனக்காவுக்கு என்ன கேட்பது என்றே தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து தன் பெயரைச் சேர்த்தாள். ஃபோல்டர் திறந்தது. உள்ளே இருந்த வருஷங்கள் திறக்கவில்லை. வாசல் சாவி கிடைத்து, அறைகள் பூட்டியே இருந்த கதை. ஓனர் மாற்றும் இடத்தில், உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்று என்று ஒரு சின்னக் கட்டம் இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அதில் டிக் போட்டு மறுபடி ஓகே கொடுத்தாள். அனுமதிகளையும் மாற்றவா என்று கேட்டது, சரி என்றாள். பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடி முடிந்தன.

டிரம்பெட்காரரின் பல் கிடைத்தது. சாய்வு வெளிப்பக்கம்தான், அதுவும் இடது பல் வலதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு அவள் மறுபடி மெழுகில் நட்டாள். செட் கைக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம் அவர் லேபுக்கு வந்து, தாடைகளுக்கும் மெழுகுக்கும் நடுவே நின்று ஊதிக் காட்டினார். மேல் ஸ்வரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள்.

கணவருடைய புதுக் கணக்கைப் பட்டியலில் சேர்த்து, நேரே ‘மறுக்கப்பட்டது’ என்று போட்டது ஏனக்காவேதான். போட்டு முடித்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

“வேற எதெல்லாம் இப்படி எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உன் அண்ணன் பாடுவாரே, அதுலேருந்து ஆரம்பிக்கட்டுமா?”

“சொல்லுங்க” என்றாள் ஏனக்கா, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு.