எறியாத இரண்டு அம்புகள்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மேலப்பாளையத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் டார்ட்ஸ் மன்றம்; சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் சின்ன அம்பு எறிகிற ஆட்டம். அலுவலகம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். மாநிலப் போட்டிக்குப் பெண்களில் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். மிஞ்சியது நானும் ஒரு கல்லூரிப் பெண்ணும். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

ஐந்நூற்றொன்றிலிருந்து எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. முதலில் பூஜ்யத்துக்கு வந்தவர் வென்றவர். எங்கள் செயலாளர் அண்ணாச்சிக்கு அது போதவில்லை. வெற்றியில் அதிர்ஷ்டம் கலந்திருக்குமாம். முறைக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தோம் என்று பார்த்துத்தான் ஆள் எடுப்பாராம். பெரிய நீதிபதி!

பத்து முறை எறிந்தபின் எனக்கு முப்பத்திரண்டு மிச்சம், அவளுக்கு நாற்பத்தொன்று. அடுத்த முறை என் முதல் அம்பே பதினாறை இரட்டிப்பாக்கும் வளையத்தில் போய்க் குத்தியது. ஆட்டம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மீதி இரண்டு அம்பும் என் கையிலேயே இருந்தன.

அண்ணாச்சி கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொன்னார். அவளுக்கு நாற்பத்தாறாம், எனக்கு நாற்பத்தைந்தரையாம்.

"அண்ணாச்சி, பதினொண்ணால வகுத்திருக்கீங்க. கடைசி முறை நான் ஒரு அம்புதான எறிஞ்சேன்? மொத்தமே முப்பத்தொரு அம்பு. அதால வகுத்து மூணால பெருக்குங்க."

"ஒண்ணு எறிஞ்சாலும் முறை முறைதாம்மா."

"அப்போ அந்த அம்ப எறியாம பத்து முறையோட வீட்டுக்குப் போயிருந்தா எனக்குக் கிட்டத்தட்ட நாப்பத்தேழு வந்திருக்கும்லா? ஜெயிச்சதுக்கா தண்டனை?"

மறுபடி தட்டினார். நாற்பத்தெட்டரை வந்தது. பைய நிமிர்ந்தார்.

"நீ சொல்லுததும் சரியாத்தான் இருக்கு. ஆனா பேரச் சொல்லியாச்சுல்லா. இனி மாத்துனா மன்றத்துக்கு அசிங்கம்."

அசிங்கமாம்! கை தட்டிய ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே. ஆளாளுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினேன். அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். வருத்தம் சொல்லத்தான் வருகிறாள் என்று நின்றேன்.

"அக்கா, நான் போட்டிக்குப் போறதுக்குள்ள அந்தக் கடைசி அம்ப எப்படி எறியணும்னு கொஞ்சம் சொல்லித் தாங்க. எனக்கு முடிக்கவே வர மாட்டேங்கு."