சாக்பீஸ்காரம்மாவின் நாற்பத்துமூன்றாவது அறை

அவளைத் தேடி வருகிறவர்கள் யாரும் பேரைச் சொல்லிக் கேட்பதில்லை. “சாக்பீஸ்காரம்மா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆசை ஆசையாகக் கண்ணாடி அறை கட்டிவிட்டு, ஆறே மாதத்தில் தலையில் கை வைத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். வெயில் காலத்தில் உள்ளே கால் வைக்க முடியாது, குளிர்காலத்தில் கை விறைத்துப்போகும். கடைசியில் பழைய சைக்கிளும் காலி டப்பாக்களும் அங்கே குடியேறிவிடும். அந்த அறையை வருஷம் பூராவும் மனுஷர் உட்காருகிற இடமாக மாற்றித் தருவதுதான் அவளுடைய தொழில்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. போனவுடன் அளவு நாடாவை எடுக்க மாட்டாள். கையோடு கொண்டுபோன மடக்கு நாற்காலியை நடுவில் போட்டுக் காலையிலிருந்து வெளிச்சம் போகும்வரை உட்கார்ந்திருப்பாள். மணிக்கு ஒரு தடவை எழுந்து, தரையில் வெயில் எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, பக்கத்தில் மணியை எழுதுவாள். சாயங்காலம் தரை முழுக்கக் கோடாகக் கிடக்கும். இதற்கா இந்தம்மாவைக் கூப்பிட்டோம் என்று வீட்டுக்காரர்கள் சமையலறையில் குசுகுசுப்பது அவள் காதில் விழாமல் இல்லை. நாற்பத்திரண்டு அறை முடித்தவளுக்கு அதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு.

நாற்பத்துமூன்றாவது அறை அவளுடைய சொந்த அக்காவுக்கு.

அக்கா ரயில் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள். “அடுத்து யாரு? எங்க போகணும்?” என்று கேட்டே தலை நரைத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மகன் வீட்டு மாடியில் இருந்தாள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் இனிப் படியேறவே கூடாது, ஆள் பிடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்தில் உடம்பைச் சடாரென்று திருப்பவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகனோ லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊர்க் கட்டடங்களில் பாதி அவன் புண்ணியத்தில் ஏறி இறங்குகிறது, சொந்த வீட்டில் மட்டும் பதினாறு படிக்கட்டு. கீழே இருந்ததெல்லாம் ஒரு சமையலறை, ஒரு சின்னக் குளியலறை, கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒரு கூடம், அப்புறம் பின்பக்கம் போன வருஷம் கட்டிய கண்ணாடி அறை.

மருமகள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவாள். மாமியாரை வெளியே அனுப்ப அவளுக்கும் மனசில்லை. ஆனாலும் கண்ணாடி அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி ஒரு வாரம் குறித்து வைத்திருந்தாள்.

“மத்தியானம் முப்பத்தொன்பது காட்டுது சித்தி. விடியக்காலைல பதினொண்ணு. இந்த ரூம்ல நான் மருந்தையே வைக்க மாட்டேன், அத்தையை எப்படி வைக்கிறது?” என்றாள். “முதியோர் இல்லத்துல ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கோம். மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாங்க.”

“பதினெட்டுக்குக் கீழ இறங்காம, இருபத்தெட்டுக்கு மேல ஏறாம ஒரு வாரம் நிறுத்திக் காட்டினா?”

“காட்டுங்க, நானே போன் பண்ணி அந்த இடம் வேணாம்னு சொல்லிடறேன்.”

“அப்ப போனை சார்ஜ் போட்டு வெச்சுக்கோ,” என்றாள் சாக்பீஸ்காரம்மா.

அக்கா ஆஸ்பத்திரியில் நடை பழகிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் தங்கை அந்த அறையை ஒரு கை பார்த்துவிட்டாள். கூரைக் கண்ணாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் தாள் ஒட்டினாள். அக்கா மகனை ஏணியில் ஏற்றி, சூடு வெளியே போக உச்சியில் இரண்டு திறப்பு வைக்கச் சொன்னாள். லிஃப்டுக்குள் தொங்கியே பழகியவன் அந்த எட்டடி ஏணியில் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். பக்கக் கண்ணாடிகளுக்கு, தேன்கூடு மாதிரி உள்ளே அறை அறையாக இருக்கும் மடிப்புத் திரைகள். அந்த அறைகளில் காற்று சிக்கிக்கொள்வதால் வெளிக்குளிர் உள்ளே வராது. சில்லென்ற தரைக்குத் தடிமனான கம்பளி விரிப்பு, விடியக்காலைக் குளிருக்கு ஒரு சின்ன ஹீட்டர். சிவப்பு மெத்தை வேண்டாம் என்றாள், வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். பசை போட்டு ஒட்டிய மேஜையும் வேண்டாம், ஒரு கோடையிலேயே பல்லிளிக்கும். அக்கா மகன் பிரம்பு நாற்காலி அழகாக இருக்குமே என்று இழுத்தான்.

“பிரம்பு இந்த வெயில்ல காஞ்சு நறநறன்னு உடையும்டா. உங்கம்மாவுக்கு இன்னொரு இடுப்பு எங்க போய் வாங்கறது?” என்றாள். அவன் போய் ஒரு மர நாற்காலியைத் தூக்கிவந்தான்.

எல்லாவற்றையும் தூக்கி அடித்தது ஒரு பெரிய திரை. அறை கட்டும்போது சமையலறையின் பின்சுவரை இடித்திருந்தார்கள். அங்கே கதவில்லாத அகலமான வாசல் மட்டும் இருந்தது. அடுப்புச் சூடு உள்ளே வரக் கூடாது, ஹீட்டர் சூடு வெளியே போகக் கூடாது. அதற்காக மூன்று அடுக்குத் துணியில், நடுவே கம்பளி கொடுத்து, தரையைத் தொடும் திரை ஒன்றைப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாள். மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. சாக்பீஸ் கோடுகளை வைத்து, எந்நேரமும் வெயில் முகத்தில் விழாத இடமாகப் பார்த்து, தோட்டத்தைப் பார்த்த மாதிரி அக்காவின் நாற்காலியைப் போட்டாள்.

தெர்மாமீட்டர் ஒரு வாரமும் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்தொன்பதுக்குக் கீழே போகவில்லை, இருபத்தேழைத் தாண்டவில்லை. மருமகள் நோட்டை மூடிவிட்டு, “ஒத்துக்கறேன் சித்தி. அத்தை வந்து ரெண்டு நாள் இருக்கட்டும், உடனே போன் பண்ணிடறேன்,” என்றாள்.

அக்கா வந்தாள். முதல் நாள், “நல்லாத்தான் இருக்கு,” என்றாள். இரண்டாம் நாள் கூடத்தில் செருப்பு அலமாரி பக்கம் ஒரு நாற்காலி போடச் சொல்லி, அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டு, “என்னை அந்த இல்லத்துலயே விட்டுடுப்பா,” என்றாள். மாசம் முடிய இன்னும் இரண்டே நாள் இருந்தது.

சேதி போனதும் தங்கை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“சூடா இருக்காக்கா?”

“இல்ல.”

“குளிருதா?”

“இல்லடி.”

“கண்ணு கூசுதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ராஜா வீட்டு ரூம் மாதிரி செஞ்சிருக்கே. எனக்குத்தான் இருப்புக் கொள்ளல. விட்டுடேன்.”

அக்கா பொய் சொன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இப்போது துடைக்கவில்லை. தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டியது. நாற்பத்திரண்டு வீட்டில் ஒருவர்கூட அவள் செய்த அறையை விட்டுப் போகிறேன் என்று சொன்னதில்லை. சொந்த அக்கா சொல்கிறாள், அதுவும் செருப்பு அலமாரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் காலையில் சாக்பீஸோடு வந்து நின்றாள். மடக்கு நாற்காலியை இந்தத் தடவை கொண்டுவரவில்லை. அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அக்காவுக்கு டாக்டர் போட்ட கட்டளையைத் தனக்கும் போட்டுக்கொண்டாள். தானாக எழுந்திருக்கக் கூடாது, உடம்பைத் திருப்பவும் கூடாது.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. ஒரு பூனை மதில்மேல் நடந்து போனது. பக்கத்து வீட்டுக்காரர் துணி உலர்த்தினார். பத்து மணிக்குள் தோட்டம் தீர்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சமையலறையில் ஏதோ விழுந்தது. அக்கா மகன் என்னமோ சொன்னான், மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொன்னான் என்பது மூன்று அடுக்குத் துணியைத் தாண்டி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு கை முளைத்து டீயை வைத்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரு?” என்று கேட்பதற்குள் கை போய்விட்டது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையில் சாக்பீஸ் சும்மா கிடந்தது. வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நாற்பத்திரண்டு வீட்டில் கேட்டிருக்கிறாள். ஆள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒரு வீட்டில்கூடக் கேட்டதில்லை. அங்கெல்லாம் உட்கார்ந்து சலித்தவர்கள் தாமாக எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்கள், அதனால் தப்பித்தாள். கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் மனுஷ முகமாகப் பார்த்தவளை, வீட்டுக்கே முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எழுந்து நாற்காலியை வீட்டுப் பக்கமாகத் திருப்பி, திரைக்குக் கிட்டே நகர்த்தினாள். எதிரே பன்னிரண்டு நாள் தையல் மலை மாதிரி நின்றது. திரையைத் திறந்து வைத்தால் தெர்மாமீட்டர் தோற்கும், மூடி வைத்தால் அக்கா தோற்பாள். பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

“சித்தி, என்ன பண்றீங்க?” என்று மருமகள் பதறிக்கொண்டு வந்தாள்.

“தெச்சதை வெட்டறேன். கிட்ட வந்து பேச்சுக் கொடுக்காதே, வெட்டு கோணிப்போயிடும்.”

அக்கா உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, திரையின் நடுவே ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாக வெட்டினாள். அதில் கண்ணாடி போலத் தெளிவான தடித்த பிளாஸ்டிக் தாளை இரண்டு அடுக்காக, நடுவில் காற்று நிற்கும்படி வைத்துத் தைத்தாள். சதுரத்தின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டு, அதற்கு ஒரு மூடியும் தைத்தாள். டீக் கோப்பை இனிமேல் முன்பக்கமாகத்தான் வரும். முடிக்கும்போது மணி நாலு. மருமகள் வழக்கம்போல உள்ளே போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். இருபத்துநாலு.

அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். வெயில் இப்போது அவள் முதுகில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. எதிரே சதுரத்துக்குள் அடுப்பு, சாப்பாட்டு மேஜை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகன், வாசல் கதவுவரை எல்லாம் தெரிந்தது. அவள் தன் முன்னாலிருந்த சின்ன மேஜையைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திறப்பின் மூடியைத் தூக்கி ஒரு விரலால் மேஜையைத் தட்டினாள்.

“அடுத்து யாரு? எங்க போகணும்?”

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் போனை எடுத்து இல்லத்தின் நம்பரைத் தேடிக்கொண்டே, “யாரும் எங்கயும் போகல அத்தை,” என்றாள்.