யானைக்குக் கட்டம் போடாதவன்

“தேங்க் யூ.” “தேங்க் யூ.” “தேங்க் யூ.”

போன வாரம் குருபரப்பள்ளியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது இந்தக் குரல்தான் முதலில் காதில் விழுந்தது. டீக்கடையை ஒட்டி ஒரு சின்ன பேக்கிங் கம்பெனி. அதன் வாசலில் கைரேகை மெஷின். பெண்கள் வரிசையாக வந்து விரலை வைக்க வைக்க, அது ஒரே தொண்டையில், ஒரே ஏற்ற இறக்கத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. உழைக்கப் போகிறவர்களுக்கு இந்த நாட்டில் இவ்வளவு நன்றி சொன்ன வேறொருத்தி இருக்க மாட்டாள். அவளுக்குத்தான் உடம்பில்லை.

நடுவில் ஒரு “ப்ளீஸ் டிரை அகெய்ன்.”

மாட்டிக்கொண்ட பெண் விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி அதே பதில். பின்னால் நின்றவள், “பூண்டு உரிச்ச கையோட வந்துட்டியாடி, அதுக்கு வாசன புடிக்கல போல” என்றாள். வரிசை சிரித்தது. மூன்றாவது தடவையும் மறுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “அது எடுத்தாதான் உள்ளம்மா. எங்கையில ஒண்ணுமில்ல.”

நான்காவது தடவை எடுத்துக்கொண்டது. நன்றி சொன்னது. பாதி டம்ளரோடு வைத்துவிட்டு வந்துவிட்டேன். ‘எங்கையில ஒண்ணுமில்ல’ என்ற அந்த வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லிப் பிழைத்தவன். இன்னும் கொஞ்சம் படித்த பாஷையில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஓசூருக்கு நான் வந்தபோது வயது இருபத்து மூன்று. கும்பகோணத்துக்காரனுக்கு அந்தக் குளிர் ஒரு அவமானம் மாதிரி இருந்தது. பாகலூர் ரோட்டில் ஓர் அறை, நான்கு பேர். ஒருவன் நாகர்கோவில், ஒருவன் சிவகாசி, ஒருவன் அரியலூர். ராத்திரி தோசைக்குச் சட்னி போதாதபோது நான்கு வகைத் தமிழில் சண்டை நடக்கும். வேலை, பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அவர்கள் என்னை சிப்காட்டில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் அறுக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே ஆறு மாதம் உட்கார்ந்து, யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதிப் பொருத்த வேண்டும். நானே அப்போது புரொபேஷனில் இருந்தேன். வேலை முடிந்து தொழிற்சாலை கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

கூலன்ட் எண்ணெய் வாசனை தெரியுமா உங்களுக்கு? இரும்பை அறுக்கும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, பால் மாதிரி வெளுத்த தண்ணீர். லேசாக இனிக்கிற, லேசாகக் குமட்டுகிற வாசனை. கேன்டீன் சாம்பாரிலும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை சட்டையிலும் அதுதான். இன்றைக்கும் லிஃப்டில் யாராவது அந்த வாசனையோடு ஏறினால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் வருகையைப் பதிகிற அந்த டைம் ஆபீஸ் எனக்கு ஞாபகம் வந்துவிடும். அங்கே இருந்த கோபாலும்.

கோபால் டைம் கீப்பர். ராயக்கோட்டைக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். தெலுங்கில் எண்ணுவான், கன்னடத்தில் திட்டுவான், தமிழில் லீவு கொடுப்பான். அவன் மேஜையில் ஒரு தடித்த ரிஜிஸ்டர். தாமதமாக வந்தவர் பெயருக்கு எதிரே ஓர் அகலமான இடம், காரணம் எழுத. அதில் நான் முதல் நாள் படித்த காரணங்கள்: ‘மாமியார்’. ‘செருப்பு அறுந்தது’. ‘பொய் சொல்கிறான், இருந்தாலும் பரவாயில்லை’. போன வருஷத்துக் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: ‘யானை’.

ஜவளகிரியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்களை ஏற்றி வரும் வேன் ஒன்று இருந்தது. ராகி அறுவடைக் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிடும். விடிகாலையில் ரோட்டில் அவை நின்றால் வேன் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும். உள்ளே இருபது பேர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவை நகர்ந்த பிறகுதான் தளி, அதற்குப் பிறகுதான் ஓசூர், ஏழு மணி ஷிஃப்ட். கோபால் வேன் டிரைவரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். யானை என்று எழுதுவான். விஷயம் முடிந்தது. ஓசூர் டவுனிலேயே குடியிருந்த ஒருவன் துணிந்து அதே காரணத்தைச் சொன்னபோது கோபால் கேட்டான்: “பஸ் ஸ்டாண்ட்ல டிக்கெட் வாங்கிகினு நின்னுச்சாடா?” ஆனால் அதையும் எழுதிக்கொண்டான். நல்ல பொய்க்கு அவனிடம் மரியாதை உண்டு.

என் புரோகிராமில் நான் அந்த அகலமான இடத்தை நான்கு கட்டமாக்கினேன். உடல்நலம், வீட்டு விசேஷம், வண்டிப் பழுது, மற்றவை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சுத்தமாக இருந்தது. அந்த வயதில் எனக்குச் சுத்தம்தான் அழகு.

“சார், யானைன்னு ஒண்ணு போடு சார்” என்றான் கோபால்.

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் யானை என்றால் கோயில் யானை. ஒரு ரூபாய் கொடுத்தால் தலையில் தும்பிக்கையை வைக்கும், குழந்தை அழும், போட்டோ எடுப்பார்கள். அது ஒருவருடைய வேலையில் குறுக்கே வந்து நிற்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பெங்களூரில் டீம் லீடரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். “யானை எல்லாம் ரெக்வயர்மென்ட்ல வராதுப்பா” என்றார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அதுதான் ஜோக்.

கோபால் முதலில் ‘வண்டிப் பழுது’ என்று போட்டுப் பார்த்தான். மூன்றாம் நாளே வேன் டிரைவர் சண்டைக்கு வந்துவிட்டார். “கொழந்தயாட்டம் வண்டிய வச்சிகினுகிறேன், என் வண்டிய பழுதுன்றியா நீ?” அதன் பிறகு வேறு வழியில்லாமல் எல்லா யானைகளும் ‘மற்றவை’க்குள் போய்ச் சேர்ந்தன.

இனி சொல்லப் போவதுதான் நான் செய்தது. காரணம் இல்லாத தாமதம் ஆறைத் தாண்டினால் பயிற்சியில் இருப்பவரை நிரந்தரமாக்கக் கூடாது, வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும். அது தொழிற்சாலையின் பழைய விதி. அதை நான் எழுதவில்லை. மாதாந்திர ரிப்போர்ட் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ‘மற்றவை’ என்ற பத்தி மட்டும் வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம், இடது கையில் பஜ்ஜி. வலது கையால் ஒரே ஒரு வரி அடித்தேன்: ‘மற்றவை’ என்றால் காரணம் இல்லை என்று எடுத்துக்கொள். அந்தப் பத்தியே மறைந்து, பக்கம் கச்சிதமாக அடங்கியது. பஜ்ஜியைத் தின்று முடித்தேன்.

யாரும் கேட்காத வரி அது. தொழிற்சாலைக்காரர்கள் அதை பெங்களூரின் வழக்கம் என்று நினைத்தார்கள். பெங்களூரில் அதைத் தொழிற்சாலையின் விதி என்று நினைத்தார்கள். இப்போதெல்லாம் பெரிய பெரிய மேடைகளில் தொழில்நுட்பம் தீர்மானிக்கிறது, தரவு சொல்கிறது என்று பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனசுக்குள் ஒரு பஜ்ஜி வந்து நிற்கும். எந்த ஊரில் எந்தப் பையன் எந்தப் பக்கத்தை அடக்குவதற்காக எந்த வரியை எழுதினானோ.

தை மாதம் பட்டியல் வந்தது. நிரந்தரமாக்கத் தகுதியில்லாதவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் ஒரே வேனில் வருகிறவர்கள். ஆனால் பட்டியல் அகர வரிசையில் இருந்ததால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. கோபால் கண்ணில் மட்டும் பட்டது. அவன் மேலே போய்ச் சொல்லிப் பார்த்தான். “கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டுப்பா, அதுல நாம கை வைக்கக் கூடாது” என்று அனுப்பிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தான். கூடவே ரத்னம்மாவும்.

ரத்னம்மாவுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். ஜவளகிரியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். தாத்தா காலத்திலிருந்து மற்றவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். அறுத்த பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தே பிசிறு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அவள் மகளைத் தளியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தாள். அம்மாவுக்கு நிரந்தரமானால் ஓசூரில் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று அந்தப் பெண் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்ததாம்.

அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. மானிட்டரைப் பார்த்துப் பேசினாள்.

“ஆனெ நின்னா நா இன்னா சார் பண்றது? எறங்கி ஓட்டவா?”

“சிஸ்டம் அப்படித்தான்மா காட்டுது” என்றேன்.

“சிஸ்டம்னா யாரு? எந்த ஊரு? சொல்லு சார், நானே போயி பேசிக்கிறேன்.”

கோபால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “பாக்கறேன்” என்றேன். பார்த்தேனா? பார்த்தேன். அந்த வரி திரையில் என் கண்ணெதிரேதான் இருந்தது. அழிக்க ஐந்து நிமிஷம். ஆனால் வெள்ளிக்கிழமை தொழிற்சாலை கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் வாயைத் திறந்தால், யாரைக் கேட்டு அந்த வரியைச் சேர்த்தாய் என்று டீம் லீடர் கேட்பார். என் வேலையும் இன்னும் என்னுடையதாகவில்லை.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு அந்த மானிட்டரின் எதிரே நின்றாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நான் தீவிரமாக எதையோ தட்டிக்கொண்டிருப்பதுபோல் தட்டினேன். வெள்ளிக்கிழமை மதியம் கையெழுத்தானது. பட்டியலிலும், என் வேலையிலும்.

அடுத்த மாதம் அந்த வரியை அழித்தேன். என்ன மாற்றம் செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன். எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொல்லைப் போல அடக்கமானவை வேறில்லை. எதற்குச் சிறு, எவ்வளவு சிறு என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒன்பது பேரைத் திரும்பக் கூப்பிட அந்தக் குறிப்பில் இடமில்லை.

போன மாதம் வங்கிச் செயலி ஒன்று நான் கேட்ட எதையோ மறுத்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். “உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது” என்று அரை நொடியில் பதில் வந்தது. என் வருத்தமே எனக்குப் புரிய இருபது வருஷம் ஆகியிருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் இளைஞர்கள் நல்லவர்கள். என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இப்போது அவர்களும் வரி எழுதுவதில்லை, இன்னொரு இயந்திரத்திடம் சொல்லி எழுத வைக்கிறார்கள். தப்பு வந்தால் அது மன்னிப்புக் கேட்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கும். சலிக்காது. எனக்குத்தான் அந்த மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டைம் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு. முகத்தைக் காட்டினால் திறக்கிறதாம். கோபாலை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பிறகு அவனே விட்டுவிட்டுப் பாகலூர் பக்கம் ரோஜா நாற்று விற்றுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்டிருப்பார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கமில்லை. ரிஜிஸ்டரிலும் அநியாயம் நடந்தது, கோபாலுக்கும் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். தன் பெயருக்கு எதிரே கோபால் எழுதிய காரணத்துக்காக ஒருவன் ஷிஃப்ட் விடும்வரை வாசலில் நின்று அவனை அடிக்க வந்திருக்கிறான். கோபாலும் டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் திருப்பித் திட்டியிருக்கிறான். மறுநாள் இருவரும் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்ததையும் பார்த்திருக்கிறேன். போனது அந்த ஜன்னல்தான். அதற்குப் பின்னால் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்ததுதான்.

பட்டியலில் கையெழுத்தான மறுநாள், சனிக்கிழமை காலை, ரத்னம்மா யூனிஃபார்மையும் ஷூவையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வந்தாள். வேலையில்லாதவர்களுக்கு வேனில் இடம் கிடையாது. பஸ் பிடிக்க மெயின் ரோடுவரை நடந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, பின்னாலேயே போனேன். லாரிகளின் புழுதியில் கொஞ்ச தூரம் நடந்தோம். தளி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. இப்போது விட்டால் இனி வாய்க்காது என்று தோன்றியது.

“அது மெஷினு பண்ணதில்லங்க” என்றேன். “நான் எழுதினது. ஒரு வரி. யாரும் எழுதச் சொல்லல.”

அவள் நின்று, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள், பல்சக்கரத்தில் பிசிறு தேடுகிற மாதிரி. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

“அன்னிக்கே நீதான்னு சொல்லிருந்தா, உங்கிட்டயே சண்ட போட்டிருப்பேனே தம்பி. மூணு நாளு அந்தப் பொட்டிகிட்டயில்ல கையக் கட்டிகினு நின்னேன்.”