நின்னு நின்னு நடந்த எங்க அக்கா

கருவாட்டு வாசனை வந்தா எனக்கு இப்பவும் எரிச்சல்தான் வருது.

உத்திரமேரூர் கடைத்தெருவுல, பஸ் ஸ்டாண்டு போற வழியில ஒரு கருவாட்டுக் கடை. எங்க வசந்தா அக்காவ மாசத்துல ரெண்டு வாட்டி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டினு போவேன். ஷேர் ஆட்டோல எறங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணும். கூப்பிடு தூரம்தான். அதுக்கு எங்க அக்கா எடுத்துக்கற நேரத்துல நான் கால் காணி நாத்து நட்டுடுவேன்...

அவளுக்கு நெஞ்சு நோவு. ரைஸ் மில்லுல வருசக்கணக்கா நெல்லு தூத்தி தவிட்டுத் தூசிய இழுத்த நெஞ்சு. நுரையீரல் சுருங்கிக்கினே போவுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த ஒடம்ப வெச்சிக்கினு அவ பண்ண வேல கீதே...

கருவாட்டுக் கடையில நிப்பா. நெத்திலிய கையில எடுத்து மோந்து பாப்பா. "இன்னா விலைப்பா சொல்ற, மண்ணாக் கீது"ன்னு பேரம் பேசுவா. வாங்க மாட்டா. அடுத்து வளையல் கடை. அதுவும் வாங்க மாட்டா. அப்பறம் பூக்காரம்மாகிட்ட நின்னு அவங்க மருமவளுக்கு எத்தினி மாசம்னு விசாரிப்பா. எங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி வாசல்ல யார்னா வந்தா உள்ள ஓடிப் பூந்துக்கற பொண்ணு.

நான் பையத் தூக்கிக்கினு முன்னாடி நின்னு கத்துவேன். "க்கா, பஸ்ஸு எடுக்கறான்கா. டோக்கன் போயிடும்."

"போனா அடுத்த பஸ்ஸு. ஏண்டி செல்வி பறக்கற, மாப்ள பாக்கவா போறோம்?"

எத்தினி பஸ்ஸ வுட்டோம் தெரியுமா. ஒரு நாள் நடு ரோட்லயே திட்டிட்டேன். "உனக்கு நோவா, ஊர் வம்பா? நான் பொழப்ப வுட்டுட்டு வந்து நிக்கறேன்"னு. அவ கருவாட்டையே பாத்துக்கினு நின்னா.

அப்பறம் ஒரு வாட்டி ஆஸ்பத்திரியில நடக்க வெச்சிப் பாத்தாங்க. நீட்டு வராண்டா. வெரல்ல ஒரு கிளிப்பு மாட்டி, "அந்தக் கோடி வரைக்கும் நடங்கம்மா, முடியலன்னா நில்லுங்க"ன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அங்க கடையும் இல்ல, பூக்காரம்மாவும் இல்ல. வெறும் செவுரு.

ஒரு பதினஞ்சு அடி நடந்திருப்பா. நின்னுட்டா. செவுத்துல ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. அத நிமுந்து பாத்து படிச்சிக்கினு நின்னா. மேல இருந்து கீழ வரைக்கும், தலைய ஆட்டி ஆட்டி...

எங்க அக்காவுக்கு படிக்கத் தெரியாது. கைநாட்டு. நானாவது அஞ்சாவது வரைக்கும் போனேன். பஸ்ஸு போர்டு கூட நான்தான் அவளுக்குப் படிச்சி சொல்லணும்.

எனக்கு அப்பதான் ஒறைச்சுது. முந்தானைக்குள்ள தோள்பட்டை ரெண்டும் ஏறி ஏறி எறங்குது. மூச்சு வாங்கறதுக்குத்தான் இவ்ளோ நாளா ஒவ்வொரு கடையா நின்னுருக்கா. நான் ஒரு மடச்சி, நின்னு திட்டியிருக்கேன்.

வெளில பெஞ்சுல உக்கார வெச்சி கேட்டேன். "எத்தினி நாளாக்கா இப்படி?"

"எப்படி?"

"நடிக்காத."

முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கினு சொன்னா. "உங்க மாமாகிட்ட சொன்ன, அப்பறம் நீ எனக்கு தங்கச்சியே இல்ல."

மாமா அவ வூட்டுக்காரரு. நெல்லு அறுக்கற மெஷின் ஓட்றவரு. மொதல்ல அவருதான் ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போயிக்கினு இருந்தாரு. ஒரு நாள் அதே கடைத்தெருவுல இவளுக்கு மூச்சு முட்டி உக்காந்துட்டா. மனுசன் ரெண்டு கையில வாரித் தூக்கிக்கினு அத்தினி ஜனத்துக்கு நடுவுல ஓடியிருக்காரு.

"அவர் மூஞ்சிய நீ பாக்கலடி. எனக்கு வாங்குனத விட அவருக்குதான் அதிகமா மூச்சு வாங்குச்சு. ஒரு வாரம் சோறு எறங்கல அவருக்கு. அதான் இனிமே நீ வராத, செல்விதான் வரணும்னு சண்ட போட்டு நிறுத்திட்டேன்."

இன்னா சொல்றது இவள...

அடுத்த வாட்டியில இருந்து எனக்கு முட்டி வலி வந்துடுச்சு. இருவது அடிக்கு ஒரு தரம் "க்கா, முட்டி புடிச்சிக்கிச்சு, நில்லு"ம்பேன். பொய்னு அவளுக்குத் தெரியும். ஆனா சும்மா வுடுவாளா. "என்ன விட சின்னவ, அதுக்குள்ள கெழவியாயிட்ட. உன்னால எனக்குதான் பேஜாரு"ன்னு கடைக்காரங்க காதுல வுழற மாதிரி சொல்லுவா. மூச்சு வந்ததும் எனக்கு முன்னாடி நடப்பா. ஒரு நாள் மருந்துக் கடையில எனக்கு முட்டிக்குத் தைலம் வேற வாங்கிக் குடுத்தா.

வூட்டுக்கு வந்தா, எப்படி நடந்தான்னு மாமா கேப்பாரு. "ஜம்முனு நடந்தா மாமா, நான்தான் பின்னாடி வந்தேன்"னு சொல்லுவேன். அவ அடுப்பாண்ட திரும்பிக்கினு சிரிப்பா.

அவ போய் நாலு மாசம் ஆவுது.

போன வாரம் மாமா எங்க வூட்டுக்கு வந்தாரு. டீ குடிச்சிக்கினு இருந்தவரு டம்ளர கீழ வெச்சிட்டாரு. "ஏம்மா செல்வி... அவளுக்கு என்கூட வர்றது புடிக்காமப் போச்சா? நீதான் வரணும்னு ஏன் அப்படி அடம் புடிச்சா?"

உண்மைய சொன்னா, இருவது அடி நடக்க முடியாம கெடந்தாளே, நான் பக்கத்துல இல்லியேன்னு அந்த மனுசன் ஒடிஞ்சி உக்காந்துடுவாரு. சொல்லலன்னா, பொண்டாட்டிக்கு நம்மளப் புடிக்கலன்னு நெனச்சிக்கினே கெடப்பாரு. இப்படி நடுவுல என்ன மாட்டி வுட்டுட்டு மகராசி போய்ச் சேந்துட்டா. எதிர்ல இருந்தா நாலு வாங்கு வாங்கியிருப்பேன்.

"அறுப்பு நேரத்துல உங்க வேல கெடக்கூடாதுன்னுதான் மாமா"ன்னு சொன்னேன்.

"அவ அப்படித்தான்"ன்னு சொல்லிட்டு, ஆறிப்போன டீய எடுத்துக் குடிச்சாரு.

அப்ப இந்தப் பொய்ய நாங்க ரெண்டு பேரு சேந்து சொன்னோம். ஒருத்தி மாட்டிக்கினா இன்னொருத்தி சமாளிப்போம், அப்பறம் தனியா உக்காந்து சிரிப்போம். இப்ப நான் ஒருத்தியே சொல்லிக்கினு கீறேன்...

மாமாகிட்ட பட்டன் போனுதான் கீது, நான் இங்க எழுதறதெல்லாம் பாக்க மாட்டாரு. ஆனா எங்க ஊர்க்காரங்க நாலஞ்சு பேரு இந்த குரூப்புல கீறீங்க. படிச்சிட்டு கம்முனு போயிடுங்க. டீக்கடையில அவரப் பாத்தா, அறுப்பு எப்படிப் போவுதுன்னு மட்டும் கேளுங்க.