பென்சிலால் எழுதிய சனிக்கிழமைகள்

பல்கலைக்கழக விளையாட்டு அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். கேலன் ஸ்டக்கியின் மேசைத் தொலைபேசி அடித்தது. அவர் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, கையிலிருந்த கறி பன்னைக் கடித்தபடியே பேசினார்.

“கேலன், ஆர்டிஸ் ரெகியர் பேசுறேன். அடுத்த அக்டோபர்ல மகளுக்குக் கல்யாணம். எந்தச் சனிக்கிழமை காலி?”

“நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கலாமே, ஆர்டிஸ்.”

“அத ஞாயித்துக்கிழமை சர்ச்ல கேக்குறேன். தேதியச் சொல்லு.”

“பத்தொம்பது. நம்ம பசங்களுக்கு அன்னிக்கு ஆட்டம் கிடையாது. ஆனா பென்சில்ல எழுதிக்கோ.”

“பத்தொம்பது ஆகாது. மாப்பிள்ளையோட அக்கா ஊர்ல இல்ல. பன்னெண்டு குடு.”

“பன்னெண்டு நம்ம மைதானத்துல ஆட்டம்.”

“மாத்திடேன்.”

“இருபதாயிரம் பேர் வர்ற ஆட்டம் அது. உன் வீட்டு சோபாவா, நகத்திப் போட?”

“வருஷா வருஷம் ஏதோ ஃபார்ம் அனுப்புவியாமே. இந்த ரெண்டு தேதியில எங்க ஊர்ல ஆட்டம் வேண்டாம்னு. அதுல ஒரு வரி எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?”

“அந்த ரெண்டு வரியும் பல்கலைக்கழகத்துக்கு. மைதானத்துல மராமத்து, அந்த மாதிரி. உன் மகளுக்கு இல்ல.”

“உனக்கும் ஒரு மக இருக்கா, கேலன்.”

“அவளுக்கும் இல்ல.”

அந்தப் பக்கம் ‘டொக்’கென்று வைத்தார்கள். கேலன் என்னைப் பார்த்து, “இந்த ஆபீஸ்ல பாதி வேலை இதுதாம்மா. மீதிப் பாதி விளையாட்டு” என்றார். ரெகியர் வீட்டுக் கல்யாணம் பத்தொன்பதாம் தேதியே நடந்தது. மாப்பிள்ளையின் அக்காவும் வந்திருந்தாள்.

கான்சாஸில் எங்கள் ஊரில் முகூர்த்தம் பார்ப்பது இப்படித்தான். எங்கள் பல்கலைக்கழகத்து ஃபுட்பால் அணியின் பெயர் வெட்டுக்கிளிகள். வெட்டுக்கிளிகள் உள்ளூரில் ஆடும் சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தால், மணமக்களும் பாஸ்டரும் மட்டும்தான் இருப்பார்கள். பாஸ்டரும் காதில் எதையோ மாட்டியிருப்பார். எனவே பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் கேலனைக் கேட்பார்கள், பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரை.

கேலன் கோதுமை விவசாயியின் மகன். மாணவராக இருந்தபோது ஒரு பருவம் வெட்டுக்கிளிகளுக்கு ஆடினார். ஆடினார் என்பதைவிட, சீருடை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பதே சரி. பட்டம் வாங்கிய பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார், டிக்கெட் கிழித்தார். கடைசியில் எல்லா விளையாட்டுக்கும் அட்டவணை போடும் நாற்காலியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் அறைச் சுவரில் ஓர் இரும்புப் பலகை உண்டு. எதிரணி ஒவ்வொன்றுக்கும் ஒரு காந்த வில்லை. தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பழைய கூட்டணியில் எட்டுக் கல்லூரிகள். காலையில் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு அன்று இரவே வீடு திரும்பிவிடலாம். வரப்போகும் எட்டு வருஷத்து ஆட்டங்களை அவர் மனப்பாடமாகச் சொல்வார்.

பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் பெரிய பணப்பையோடு வந்தார்கள். அதிகப் பங்கு தருகிறோம் என்று ஒரு கூட்டணி கூப்பிட, எங்களோடு இருந்த இரண்டு கல்லூரிகள் ஒரே ராத்திரியில் தாவின. எஞ்சியவர்கள் புளோரிடாக் கடற்கரையிலிருந்து மூன்று கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தேர்தல் நேரத்துக் கட்சிகளாவது தாவுவதற்கு முன் ஒரு கொள்கையைச் சொல்லும். இங்கே அதுவும் இல்லை.

எங்கள் வாலிபால் பெண்கள் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்காக மூன்று விமானம் மாறிப் போனார்கள். நடுவழி விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சை எழுதிய படம் எங்களுக்கு வந்தது.

“டில்டன் கல்லூரி முப்பது மைல்ல இருக்கு. அவனோட இனிமே ஆட்டம் இல்ல. ஆயிரத்து ஐநூறு மைல் தள்ளி இருக்கிறவன் இப்ப நமக்குப் பங்காளியாம்” என்று கேலன் டில்டனின் வில்லையைப் பலகையிலிருந்து எடுத்தார். குப்பையில் போட மனம் வராமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இவ்வளவும் நடப்பதற்கு முன்பே அவர் மகள் கெல்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பழைய அட்டவணைப்படி அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை காலி. ஊருக்கெல்லாம் பென்சில் சொன்ன மனிதர், தன் வீட்டு நாட்காட்டியில் நீல மையால், அதுவும் கட்டம் கட்டி எழுதினார். சர்ச், விருந்துக்கூடம், சமையல் எல்லாம் பேசியாயிற்று. கூட்டணி கலைந்ததும் அட்டவணையும் கலைந்தது. வேறு தேதி பார்க்கலாமென்றால், வெட்டுக்கிளிகள் வெளியூரில் ஆடுவார்கள் என்றிருந்த சனிக்கிழமைகளில் எல்லாம் சர்ச்சில் வேறு கல்யாணங்கள். எல்லாம் கேலனே பார்த்துக் கொடுத்த தேதிகள்.

மார்ச் மாதம் கூட்டணியிலிருந்து அந்த ஃபார்ம் வந்தது. முதல் வரியில் மைதானத்து விளக்குக் கம்ப வேலைக்கு ஒரு தேதி எழுதினோம். அந்த வருஷம் இரண்டாவது வரிக்குத் தேவையே இருக்கவில்லை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மத்தியானம் முழுக்க அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கரைக்கு அவர் மனைவி லவோன் ஃபோன் செய்தார்.

“காலியா இருக்கிற வரிதானே கேலன், யாருக்கு என்ன நஷ்டம்?”

“ஆர்டிஸுக்கு.”

“ஆர்டிஸ் மக ரெண்டு புள்ள பெத்துட்டா!”

“அதனால ஆர்டிஸ் மறந்துட்டான்னா நினைக்கிற?”

நான்கு ஐம்பத்தெட்டுக்கு இரண்டாவது வரியை வெறுமையாக விட்டு அனுப்பினார். மே மாதம் புது அட்டவணை வந்தது. அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, புளோரிடாக்காரர்களோடு எங்கள் மைதானத்தில் ஆட்டம். சர்ச்சுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு தெருதான்.

அதோடு போயிற்றா? ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது தொலைக்காட்சிக்காரர்கள் கையில். பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் சொல்வார்கள். சில ஆட்டங்களுக்கு ஆறு நாள் முன்புவரை இழுப்பார்கள். கேலன் உட்கார்ந்து யோசித்து, கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதினார். ஆட்டம் பதினொரு மணிக்கென்றால் கல்யாணம் மாலை ஐந்துக்கு. இரண்டரைக்கென்றால் காலை பத்தரைக்கு. ஆறுக்கென்றால் மதியம் ஒன்றுக்கு.

அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தது. “மூணு நேரம் இருக்கே சார், எத அடிக்கணும்?”

“மூணையும்தான்.”

பன்னிரண்டாம் நாள் தகவல் வரவில்லை. முடிவை ஆறு நாளுக்கு ஒத்திவைத்திருப்பதாக இரண்டு வரி வந்தது. லவோன் பேசுவதை நிறுத்தினார். கெல்சி ஆஸ்பத்திரி நர்ஸ், அவசரம் பழகியவள். “அப்பா, டிவிக்காரங்க வேண்டாம்னுட்டா மாப்பிள்ளையையும் மாத்திடலாமா?” என்று கேட்டுச் சிரித்தாள். கேலனுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு மதியம் தகவல் வந்தது: இரண்டரை. ஊர் முழுக்க மாலைக்குள் தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு சர்ச் நிரம்பி வழிந்தது. கோட்டுக்குள்ளே வெட்டுக்கிளிகளின் பச்சைச் சட்டை, பூப்போட்ட கவுனுக்குக் கீழே பச்சைக் காலுறை. பாஸ்டர் பதினொரு நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்தார். அது எங்கள் சர்ச் வரலாற்றில் இல்லாதது. கார் நிறுத்த இடம் தேடி வந்த புளோரிடாக்காரர்கள் இருவர் ஆரஞ்சுச் சட்டையோடு விருந்தில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று கறி பன் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. குடும்பப் படத்தில் கேலன் கழுத்தில் டையோடு மைதானத்து அனுமதி அட்டையும் தொங்குகிறது.

வாசலில் ஆர்டிஸ் ரெகியர் ஒரு சின்னப் பரிசுப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். பிரித்தால், ஒரு டஜன் பென்சில்.

“அந்த வரிய நீ எழுதியிருந்தா, இத வேற விதமா குடுத்திருப்பேன்” என்றார்.

“தெரியும், ஆர்டிஸ். அதான் எழுதல.”

ஒரு மணிக்கு அவர் டையைக் கழற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வெட்டுக்கிளிகள் தோற்றார்கள். அன்று ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மார்ச் மாதமும் ஃபார்ம் வந்தது. முதல் வரிக்கு ஏதோ குழாய் வேலை. இரண்டாவது வரி மறுபடியும் காலி. நான் அதை அவர் மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு ஃபார்மை ஒரே விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இத இப்படியே நீயே அனுப்பிடும்மா. கெல்சிக்கு அக்டோபர்ல குழந்தை பிறக்கப் போகுது, டாக்டர் ஒரு சனிக்கிழமையச் சொல்லியிருக்கார். அஞ்சு மணி ஆகுற வரைக்கும் இந்த ஃபார்ம என் கண்ணுல காட்டாத.”