பிரைமரி கிளாஸ்ல எனக்குக் கெடச்ச பதில்

மாஸ்டர் துரை என் கிளாஸுக்கு வந்து உக்காந்த அன்னிக்கு, இருபதே நிமிஷத்துல என் மானம் கப்பலேறிடுச்சு. ஏத்திவிட்டது நாந்தான். புள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல.

என்னத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நான் சாமுவேல், குளுவாங் சபை. ஞாயித்துக்கிழம கடைசி பெஞ்சுல கால ஆட்டிக்கிட்டே உக்காந்திருப்பானே ஒருத்தன், அவன்தான். ஆண்டவர் எனக்குச் செஞ்சத சாட்சியா எழுதித் தான்னு போதகர் ஐயா ரெண்டு மாசமாக் கேக்குறாரு. உக்காந்து எழுதப் பொறுமை இல்ல. இன்னிக்கு எழுதுறேன். வேகமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

சிங்கப்பூர்ல காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சேன். கித்தா, அதான் ரப்பர், வெல விழுந்துச்சு, அப்பா திரும்பி வரச் சொல்லிட்டாரு. வந்து இங்க ஒரு இங்கிலீஷ் ஸ்கூல்ல வாத்தியார் வேலையில சேந்தேன். காலேஜ்காரன், பெரிய கிளாஸ் குடுப்பாங்கன்னு கோட்டு சூட்டோட போனா, கெடச்சது பிரைமரி ஒண்ணு. நாப்பது புள்ளைங்க. தமிழ்ப் புள்ளைங்க, சீனப் புள்ளைங்க, மலாய்ப் புள்ளைங்க, எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது. எனக்கு இங்கிலீஷ் பொங்கி வழியுது, ஆனா அத யாருக்கு ஊத்துறது?

சனிக்கிழமயானா ரயில் ஏறி ஜொகூர் பாரு போகணும். அங்க நார்மல் கிளாஸ். எங்கள மாதிரி வாத்தியாருங்களுக்கே வாத்தியார் வேல கத்துக் குடுக்குற எடம், நடத்துறது மாஸ்டர் துரை. சின்னப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ இங்கிலீஷ்லயே சொல்லித் தரணும், தமிழோ மலாயோ வாயில வரக்கூடாது, செஞ்சு காட்டிப் புரிய வைக்கணும். இதத்தான் ஒவ்வொரு வாரமும் சொல்லுவாங்க. நான் ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே இருப்பேன். இதெல்லாம் ஒரு படிப்பான்னு நெனப்பு.

ஏன்னா எனக்குத்தான் ஒரு வழி தெரியுமே. அப்பா தோட்டத்துல உபதேசியாரு. பன்னண்டு வயசுல இருந்து அங்க ஞாயிறு பள்ளி நடத்துனவன் நான். வசனம் எப்படிச் சொல்லிக் குடுப்போம்? நான் ஒரு வரி சொல்லுவேன், புள்ளைங்க அந்த வரிய திருப்பிக் கத்துவாங்க. பத்து தடவ கத்துனா வந்துடும். அந்த வழியதான் இங்கயும் கொண்டாந்தேன். ‘ஸ்டாண்ட் அப்’ன்னு கத்துவேன். நாப்பது பேரும் ‘ஸ்டாண்ட் அப்’ன்னு கத்துவாங்க. ‘சிட் டவுன்.’ ‘சிட் டவுன்!’ கூரத் தகரம் அதிரும். எனக்குப் பெரும தாங்கல.

பக்கத்து கிளாஸ் ரோஸ்லின் மிஸ். நம்ம சபைதான், நார்மல் கிளாஸுக்கும் என்னோடதான் வருவாங்க. ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல ஒரு பலகத் தட்டிதான். ஒரு நாள் தட்டிக்கு மேல தலைய நீட்டிச் சொன்னாங்க.

“சாம் சார், உங்க சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் போகுதாம். மெயில் வண்டி பயந்துபோயி நிக்காமலே போயிடப் போகுது.”

பொறாமைன்னு நெனச்சிக்கிட்டேன்.

அப்புறந்தான் துரை வந்தாரு. கிரிட்டிசிசம் லெசன்னு ஒண்ணு உண்டு. நாம பாடம் நடத்தணும், துரையும் கூடப் படிக்கிறவங்களும் பின்னால உக்காந்து நம்ம கொறயெல்லாம் எழுதுவாங்க. அன்னிக்குப் பின்னால துரை, அவரு பக்கத்துல ரோஸ்லின் மிஸ். நான் ஆரம்பிச்சேன். கூர அதிர்ந்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு துரை எழுந்து வந்து, முன் பெஞ்சுல இருந்த ஆ செங்கிட்ட குனிஞ்சு, உன் பேரு என்னன்னு இங்கிலீஷ்ல மெதுவாக் கேட்டாரு.

ஆ செங் கோப்பிக் கட மொதலாளி, சீனத் தவுக்கேயோட மகன். முன்பல்லு ரெண்டும் இல்ல. அவன் நல்லா சிரிச்சு, நெஞ்ச நிமித்தி, “வாட் இஸ் யுவர் நேம்!”ன்னு துரைக்கே திருப்பிக் கத்துனான். மத்த முப்பத்தொம்பது பேரும் சேந்து கத்துனாங்க. துரை ‘நோ, நோ’ன்னாரு. நாப்பது பேரும் ‘நோ, நோ’ன்னாங்க. எனக்கு வேர்த்துடுச்சு. ‘சைலன்ஸ்’ன்னேன். ‘சைலன்ஸ்’ன்னு அப்படி ஒரு சத்தம், வெளிய படுத்திருந்த நாய் எழுந்து ஓடிடுச்சு. கடைசியில தாங்க முடியாம மலாய்ல “டியாம்!”ன்னு அதட்டுனேன். அப்படியே கப்சிப். துரை அதயும் எழுதிக்கிட்டாரு.

‘ஸ்டாண்ட் அப்’ன்னா எழுந்து நிக்கணும்னு தெரிஞ்ச ஒரு புள்ள கூட என் கிளாஸ்ல இல்ல. சொல்லத்தான் தெரியும். அது சொல்லா, சத்தமான்னு கூட அதுங்களுக்குத் தெரியாது.

போறப்ப துரை கோவமே படல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. மாசக் கடைசியில திரும்ப வருவேன், அப்பவும் இப்படியே இருந்தா நார்மல் கிளாஸ்ல இருந்து உன் பேர அடிச்சிடுவேன்னு சொன்னாரு. பேர அடிச்சா ஸ்கூல்லயும் வேல இல்ல. சாஆன்னு ஒரு ஊரு, அது பக்கத்து தோட்டத்துல மாமா பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவருதான். அங்க ஒரு எடம் இருக்கு, வாத்தியார் வேல சரிப்படலன்னா வந்துடுன்னு அப்பா முன்னமே எழுதியிருந்தாரு. அலமாக், விடியக்காலையில தோட்டத்தாளுங்க கூடுற பெரட்டுக் களத்துல நின்னு பேரக் கூப்புடுற ஆளா நான்?

ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு என்னக் கொன்னது அது இல்ல.

மணி அடிச்சதும் ஆ செங் என் கிட்ட வந்தான். கோட்ட இழுத்து மலாய்ல கேட்டான், “சார், நல்லா சத்தமா சொன்னோமா?” அதுங்களுக்கு எதோ ஜெயிச்ச மாதிரி சந்தோஷம். நான் தலையத் தடவி, நல்லா சொன்னீங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, தட்டிப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். ரோஸ்லின் மிஸ் நோட்ட எடுத்துக்கிட்டு அவங்க கிளாஸுக்குப் போயிட்டாங்க. அவங்க கேலி பண்ணியிருந்தாக் கூட தேவலாம் போல இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ரயில் பாத ஓரமாவே நடந்தேன். நடந்துக்கிட்டே ஜெபம். என் ஜெபத்த நீங்க கேட்டிருக்கீங்க, ஜெபக் கூட்டத்துல நான் வாயத் தொறந்தா மத்தவனுக்கு நேரம் கெடைக்காது. அப்படியே கொட்டுனேன். வேலையக் காப்பாத்துங்க, துரை மனச மாத்துங்க, அவரு வர்ற ரயில நிறுத்துங்க, மாமா தோட்டத்துக்குப் போகாமப் பண்ணுங்க. சொன்னதயே திருப்பித் திருப்பி. நடுவுல மூச்சு வாங்க நின்னப்ப, அந்தப் பல்லில்லாத சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. அப்ப ஒரே ஒரு வரி தானா வந்துச்சு. “ஆண்டவரே, இதுல ஒரு புள்ளையாவது என்னப் பாத்து சொந்தமா ஒரு வார்த்த பேசணும்.”

அவ்வளவுதான். அத உடனே மறந்துட்டு மறுபடி வேல, துரை, மாமான்னு ஆரம்பிச்சிட்டேன்.

மறுநாள்ல இருந்து புள்ளைங்கள மாத்தப் பாத்தேன். திருப்பிச் சொல்லாதீங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அதயும் திருப்பிச் சொன்னாங்க. அஞ்சு நாள்ல தொண்ட கட்டிடுச்சு. ஆறாம் நாள் குளிர் காய்ச்சல். பல்லு தட்டுது, கட்டில் ஆடுது.

என் ரூம்மேட் அந்தோணி, ஆஸ்பத்திரியில மருந்து குடுத்து கட்டுப் போடுற டிரெஸரா இருக்கான். மலேரியான்னு சொல்லி கொயினா மாத்திரை குடுத்தான். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. ஒரு வாரம் படுத்துட்டு ஸ்கூலுக்குப் போனா, காதுக்குள்ள ஒரே ரீங்காரம், பத்தாயிரம் சில்வண்டு குடி வந்த மாதிரி. அந்தோணிகிட்ட கேட்டா, கொயினா சாப்பிட்டா அப்படித்தான்டா, நிறுத்துனா சரியாயிடும், ஆனா இப்ப நிறுத்துனா காய்ச்சல் திரும்பி வந்து ஒன்னத் தூக்கிட்டுப் போயிடும்னான். மொத்தம் மூணு வாரம் சாப்பிடணுமாம். துரை வர அப்ப பத்தே நாள்தான் பாக்கி.

இப்ப கிளாஸ்ல நான் பாதிச் செவிடு. நாப்பது பேரும் சேந்து கத்துனா எனக்கு ஒரே இரைச்சல். யாரு என்ன சொல்றான்னு ஒண்ணும் தெரியல. எரிச்சல் வந்து, ஒரு பையன் கையில வெச்சிருந்த கித்தாப் பந்த வாங்குனேன். ரப்பர் மரத்துல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால உரிச்சு, சுத்தி, அதுங்களே செஞ்ச பந்து. பந்து யாரு கையில இருக்கோ அவன் மட்டும் வாயத் தொறக்கணும்னு சைகை காட்டுனேன். பந்தக் குடுத்துட்டு அவன் வாய்கிட்ட என் காதக் கொண்டுபோவேன். ‘ஸ்டாண்ட் அப்’ன்னு சொல்லி, நானே எழுந்து நிப்பேன். ‘சிட் டவுன்’ன்னு சொல்லி, அந்தக் குட்டி பெஞ்சுல முட்டி இடிக்க உக்காருவேன். புள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு. தொண்டையும் இல்ல, காதும் இல்ல, வேற என்ன செய்றது? செஞ்சு காட்டத்தான் முடிஞ்சுது.

நார்மல் கிளாஸ்ல வாரா வாரம் சொன்னது இதத்தான்னு அப்பக் கூட எனக்கு ஒறைக்கல. ஜெபம் பூரா காதப் பத்தித்தான். துரை வர்றதுக்குள்ள காதத் தொறந்துடுங்க, தொறந்துடுங்க.

துரை வர மூணு நாள் இருக்கும்போது நான் ஒரு வேல பண்ணேன். கொயினாவ நிறுத்திட்டேன். அந்தோணி குடுப்பான், வாங்கி, அவன் திரும்புனதும் ஜன்னலுக்கு வெளிய. அதுக்கு நான் வெச்ச பேரு விசுவாசம். ஜெபம் பண்ணிட்டு மருந்து எதுக்குன்னு எனக்கு நானே பெரிய பிரசங்கம் பண்ணிக்கிட்டேன். உண்ம என்னன்னா, பதில் வர்ற வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறும இல்ல.

வெள்ளிக்கிழம காலையில துரை வந்தாரு. பின்னால உக்காந்தாரு. ரோஸ்லின் மிஸ்ஸும் நோட்டோட பக்கத்துல. காது கொஞ்சம் தொறந்திருந்துச்சு, ஆனா ஒடம்புக்குள்ள எங்கயோ குளிர் கெளம்புது, எனக்குத் தெரியுது. பந்த எடுத்தேன். முதல் அஞ்சாறு புள்ளைங்க நல்லாவே செஞ்சாங்க. எழுந்தாங்க, உக்காந்தாங்க, கதவத் தொறந்தாங்க. துரை எழுதுறத நிறுத்திட்டுப் பாத்தாரு.

ஆ செங்கிட்ட வரும்போது கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. பல்லக் கடிச்சிக்கிட்டேன். பந்த நீட்டுறேன், நிக்கல, கீழ விழுந்து உருண்டு போகுது. கிளாஸ் அப்படியே நின்னுடுச்சு. போச்சுடா சாமுவேல், கட்டு மூட்டயன்னு நெனச்சேன். எனக்கு அடுத்த வார்த்த வரல. இங்கிலீஷும் வரல, தமிழும் வரல, ஜெபங் கூட வரல.

ஆ செங் எறங்கி ஓடி பந்த எடுத்தான். கையில வெச்சிக்கிட்டு என் மொகத்தப் பாத்தான், என் கையப் பாத்தான். அப்புறம் மேசைக்குப் பின்னாடி போயி, அவன விடப் பெரிய நாற்காலியத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து எனக்குப் பின்னால போட்டான்.

“சார்,” ன்னான். மெதுவா. “சிட் டவுன்.”

ஒருத்தரும் திருப்பிச் சொல்லல.

நான் உக்காந்தேன். நடுக்கம் நிக்கல, ஆனா உள்ள எதுவோ நின்னுடுச்சு. ரயில் பாதையில நான் கேட்டு மறந்துபோன அந்த ஒரு வரி அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நான் மறந்துட்டேன், ஆண்டவர் மறக்கல. காதக் கேட்டேன், தரல. வேலைக்காக ஆயிரம் தடவ கத்துனேன், அது என்ன ஆகும்னு அப்பத் தெரியல. இந்த ஒரு வரிய மட்டும் பொறுக்கி எடுத்து, பல்லில்லாத ஒரு வாயில வெச்சு, எனக்கே திருப்பிக் குடுத்தாரு. துரை முன்னால கண்ணு கலங்கிடுச்சு. காய்ச்சல்னு நெனச்சிருப்பாங்க.

துரை நோட்ட மூடிட்டு என் பக்கத்துல வந்து, இந்தப் பையனுக்கு இத எப்படிக் கத்துக் குடுத்தேன்னு கேட்டாரு. நான் கத்துக் குடுக்கலங்க, அவனா பேசுனான்னு சொன்னேன். அதுதான் பாடம்னு சொல்லிட்டு, என்ன வீட்டுக்கு அனுப்பி வெச்சாரு. பேர அடிக்கல. கொறயெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருந்தாரு, அது வேற விஷயம். ரோஸ்லின் மிஸ் எழுதுன தாள்ல ஒரே ஒரு வரிதான். ‘வாத்தியார் இன்னும் கொஞ்சம் முன்னாலயே உக்காந்திருக்கலாம்.’

அந்தோணி ஜன்னலுக்கு வெளிய கெடந்த மாத்திரைங்களப் பாத்துட்டு என்ன விட்ட ஏச்ச இங்க எழுத முடியாது, போதகர் ஐயா படிப்பாரு. கடைசியில அவன் சொன்னத மட்டும் எழுதுறேன். “டேய் முட்டாள், கடவுள் ஒனக்கு ஒரு டிரெஸர ரூம்லயே குடுத்து வெச்சிருக்காரு. இதுக்கு மேல அவரு என்னதான்டா பண்ணணும்?” அவன் ரோமன் சபை. ஆனா அன்னிக்கு அவன் பண்ணதுதான் பிரசங்கம். அதனால கேக்குறவங்க எல்லாம் கேட்டுக்குங்க, ஜெபமும் பண்ணுங்க, கொயினாவும் சாப்பிடுங்க. இதுக்குப் போட்டியா அத வெக்காதீங்க. நான் வெச்சு, நாப்பது புள்ளைங்க முன்னால நடுங்குனேன்.

இப்ப காதும் தொறந்துடுச்சு, காய்ச்சலும் போயிடுச்சு. நான் மாறிட்டேன்னு பெருசாச் சொல்ல மாட்டேன், கால் இன்னும் ஆடுது. ஆனா காலையில புள்ளைங்க வர்றதுக்கு முன்னால, அந்தக் குட்டி பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காருறேன். கேக்குறத ஒரு தடவ கேப்பேன். அப்புறம் வாய மூடிக்குவேன். மொதல்ல ரெண்டு நிமிஷங் கூட முடியல லா, நெஜமா.

இத நீங்களும் ஒரு நாள் செஞ்சு பாருங்க. ஆஸ்பத்திரிக் கவலையோ, வேலக் கவலையோ, புள்ளைங்க கவலையோ, எதுவா இருந்தாலும் சொல்ல வேண்டியத ஒரு தடவ சொல்லுங்க. சொல்லிட்டு பந்த ஆண்டவர் கையில குடுத்துடுங்க. அவரு பேசுற வரைக்கும், கொஞ்சம் உக்காருங்க.