சாகே மியூசியத்தில் ஹிதேயோவின் முகம்

டோமியேவின் புருஷன் ஹிதேயோ அரிசி மதுவான சாகேயை ஒரு சொட்டுகூடக் காய்ச்சியவர் இல்லை. கோபே நகரத்து ஆலை ஒன்றில் லாரி ஓட்டினார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆலையின் மியூசியத்தில், பெரிய மரத்தொட்டியில் வெந்த அரிசியைக் கிளறிக்கொண்டு நிற்கும் தலைமை ஆளின் பொம்மைக்கு அவர் முகம்தான்.

பழைய கிடங்கை மியூசியமாக்கியபோது பொம்மைகளுக்கு முகம் தேவைப்பட்டது. காய்ச்சுகிறவர்கள் எல்லாம் மலைப்பக்கத்து விவசாயிகள். குளிர்காலம் முடிந்ததும் நடவுக்கு ஊர் போய்விட்டார்கள். மிஞ்சியது டிரைவர்களும் கணக்கரும். கணக்கருக்கு மோவாயே கிடையாது. அடர்ந்த புருவம் வைத்திருந்த ஹிதேயோவை உட்காரவைத்து, முகத்தில் மாவைப் பூசி அச்செடுத்தார்கள். மாவு காய்வதற்குள் அவர் தூங்கிப்போனார். பொம்மை முகத்தில் தெரிகிற அந்தத் தியானக் களை அப்படி வந்ததுதான்.

ரிட்டயர் ஆனபின் அடிக்கடி போய் பொம்மையின் பக்கத்தில் சும்மா நிற்பார். யாராவது அதையும் இவரையும் மாறிமாறிப் பார்க்கும்வரை நகரமாட்டார்.

"நீயும் ஒரு தடவ வந்து பாரேன்" என்பார் டோமியேவிடம்.

"வீட்ல இருக்கிற மூஞ்சியப் பாக்க பஸ் ஏறணுமாக்கும்" என்பாள் அவள்.

கடைசியில் குடியிருப்புப் பெண்கள் சங்கம் அவளை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு மசுகோவுக்குக் கண்ணெல்லாம் கடைசி அறையில் இருந்தது. அங்கேதான் சாகேயை இலவசமாக ருசி பார்க்கத் தருவார்கள்.

பொம்மைக்கு முன்னால் வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "இவங்கதான் தலைமை ஆள். குளிர்காலம் முழுக்கச் சரியாத் தூங்கமாட்டாங்க. தொட்டியில நுரை பொங்குற சத்தம் லேசா மாறினாலும் எழுந்து ஓடுவாங்க. கைக்குழந்தையப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்குவாங்க."

டோமியே அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது.

"மன்னிச்சுக்கோங்க. இவர் என் வீட்டுக்காரர். நெசக் கைக்குழந்தை வீட்ல வீல்னு கத்துச்சு. இவர் புரண்டுகூடப் படுக்கல."

மசுகோ பொம்மையின் புருவத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அட, ஆமா. குப்பை வண்டி வராத கிழமையில குப்பையக் கொண்டுவந்து வைக்கிற அதே ஆளு" என்றாள். சங்கமே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெளியூர்க்காரர்கள்கூட வந்து சேர்ந்துகொண்டார்கள். டோமியேவுக்கு வாய் திறந்துகொண்டது. கல்யாணத்திலிருந்து தொடங்கினாள். அவள் முடிக்கும்போது பொம்மையிடம் மரியாதை வைத்திருந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

ருசி பார்க்கும் அறையில் ஆளாளுக்குத் தங்கள் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்கள். ஒன்றையும் அவள் மறுக்கவில்லை.

சாயங்காலம் செய்தி அவளுக்கு முன்பே வீடு வந்திருந்தது. ஹிதேயோ டிவியைப் பார்த்தபடியே கேட்டார். "எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியாமே?"

"பொம்மையோட மானம். உங்களுது எங்கேன்னு நானும்தான் தேடுறேன்."

"அந்த மூஞ்சிய நான் ஒண்ணும் கேட்டு வாங்கல. அவங்களா வந்து பூசினாங்க."

ஆலையில் இத்தனை வருஷம் ஓட்டிய லாரியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரை அங்கே நினைவு வைத்திருப்பது அந்த மாவு முகம் ஒன்றுதான். டோமியேவுக்கு இது தெரியும். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பசி அதைவிட அதிகமாக இருந்தது, தலையும் லேசாகச் சுற்றியது.

"சரி, எந்திரிங்க. அங்க ஊருக்கே அரிசி வேகவைக்கிறீங்க. இன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு கப் வைங்க."

குக்கரில் அவர் தண்ணீரே ஊற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுபடி வைத்ததில் சோறு பசையாகிவிட்டது. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து சோறு வைப்பது அவர் வேலையானது. இரண்டு மாதத்தில் சோறு சோறாகவே வந்தது. மியூசியத்துக்கு இப்போதும் போகிறார். வழிகாட்டி இப்போது டோமியே சொன்னதையும் சேர்த்துச் சொல்வதால் ஜனங்கள் அவரைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள், கூட நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். சும்மா நின்ற காலத்தைவிடக் கூட்டம் அதிகம். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.